வாசலோடு நின்றவள்

சேலம் ஜில்லாவிலேயே ருசியான ரத்தம் என்னுடையதுதான். நானாகச் சொல்லிக்கொள்கிற பெருமை இல்லை இது. குடித்துப் பார்த்தவள் சொன்னது. அவள் நாலு தலைமுறை ரத்தம் கண்டவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இதைக் கேட்டதும் தலையாரி குழந்தைசாமி வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார்.

“ஏனுங்க கம்பவுண்டரே, அட்டைங்ககிட்ட சர்டிபிகேட்டு வாங்கி வெச்சிருக்கீங்களா?”

அட்டைகளைக் கேட்டாலும் இதையேதான் சொல்லும். மழைக்காலத்தில் நான் புளியஞ்சோலை வழியாக மலையேறுகிறேன் என்று தெரிந்தால், அவை முந்தின நாளே வந்து பாதையோரத்தில் இடம் பிடித்து வைத்திருக்கும். பிந்தி வந்த அட்டைகள் கண்ணீர் விட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

நாங்கள் உட்கார்ந்திருப்பது மலைமேல், பைல் நாட்டுச் சாவடியில். உட்கார்ந்திருப்பது அவர், நான் நடந்துகொண்டிருக்கிறேன். அவள் போன நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. படுத்தால் கால் ஆடுகிறது, சாப்பிட உட்கார்ந்தால் கை வாசல் பக்கம் போகிறது. பென்ஷன் வாங்குகிற வயதில் இத்தனை நடை நடப்பவன் நான் ஒருவன்தான் என்று காளப்பநாயக்கன்பட்டியில் கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

காலையில் வந்ததும் கிராம முன்சீப்பிடம் விஷயத்தை நேராகச் சொன்னேன். நான் ஆட்களைச் சாகடித்திருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் போன தை மாதமும் நான் சொன்னதைக் கேட்டவர். “காட்டேரியக் கட்டிக்கிட்டதாச் சொன்னீங்களே, அதே கேசுதானுங்களா?” என்றார். அப்புறம் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு சேந்தமங்கலத்துக்கு இறங்கிவிட்டார். அவர் திரும்பும்வரை என்னைப் பார்த்துக்கொள்ளத் தலையாரியை விட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு அதுவும் சம்மதம்தான். ஒருவர் நம்பினால் போதும். நான் செய்ததை ஒரே ஒரு ஆள் நம்பிவிட்டாலும் அவள் திரும்பி வந்துவிடுவாள். எங்களுக்குள் அதுதான் பேச்சு. போன முறை எங்கள் பிரியத்தை மட்டும் சொன்னேன். மாத்திரை விஷயம் சில்லறை விஷயம் என்று விட்டுவிட்டேன். இந்த முறை ஒன்றையும் விடுவதாக இல்லை.

என் பெயர் அர்த்தனாரி. இந்த மலையில் மருந்துச்சாலை இருந்த காலத்தில் அதன் கம்பவுண்டர். டாக்டர் என்று ஒருவர் உண்டு. மழை பிடித்தால் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழேயே இருந்துகொள்வார். ஆகவே மருந்து கலக்கியதும் நானே, கொடுத்ததும் நானே. பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் மலையேறுகிற வேகத்துக்கு என் நிழல் ஈடு கொடுக்காமல் மறுநாள்தான் வந்து சேரும்.

“நெழலுக்குச் சோறு எடுத்து வெப்பீங்களாக்கும்,” என்றார் குழந்தைசாமி. அவர் மலைக்காரர், ஓடைக்கு அக்கரையில் பிறந்தவர் என்று சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் எதையும் நம்பாதவர்.

ஊர் எல்லை கட்டுகிற நாளில் இங்கே ரத்தச்சோறு வீசுவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கிடாய் ரத்தத்தில் தினைச்சோற்றைப் பிசைந்து, உருட்டி, பொழுது சாயும்போது எல்லையில் நின்று வானத்தைப் பார்த்து வீசுவார்கள். காட்டேரிக்கு அது பங்கு. வீசியவர்கள் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். ஒரு வருஷம் நானும் கூடப் போயிருந்தேன். கூடப் போனவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அவள் சோற்றைக் கீழே விழவிடாமல் முந்தானையில் ஏந்தி, பெரிய வீட்டு மருமகள்போல ஒரு ஓரமாகத் திரும்பி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூந்தல் எத்தனை நீளம் என்றால், அவள் நடந்து போன பிறகும் கொஞ்ச நேரம் பாதையில் அது போய்க்கொண்டே இருக்கும். எங்கள் கண்கள் சந்தித்தன. பயப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எதிரே ஒரு ஆள் நின்றால் வாயில் என்ன வருமோ அதுதான் வந்தது.

“வாங்க,” என்றேன். “ஊட்டுக்கு வாங்க.”

இந்த வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளி வாசலில் வந்து நின்றாலும் ‘வாங்க’ என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஏழு ஊருக்கு அந்த அவமானம் பரவிவிடும். அடிவாரத்திலும் அப்படி, மலையிலும் அப்படி. காட்டேரிக்கோ, வீட்டுக்காரர் வாயால் கூப்பிடாமல் படி தாண்ட முடியாது. இப்படி ஒரு சட்டம் போட்டவன் கொங்கு நாட்டுப் பக்கம் தலைவைத்தே படுத்ததில்லை போலிருக்கிறது.

அவள் வந்தாள். பெயர் வள்ளியாத்தாள். எந்தக் காலத்திலோ இந்த மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, தலைப்பிரசவத்தில் குழந்தையோடு போனவள். போன புதிதில் வழியில் தூங்குகிற ஆட்களைக் குடித்திருக்கிறாள், அதை மறைக்கவில்லை. ஒருநாள் ஒருத்தியைக் குடித்து முடித்து நிமிர்ந்தபோது, செத்துக் கிடந்தவள் மார்பில் ஒரு கைக்குழந்தை வெறும் காம்பைச் சப்பிக்கொண்டிருந்ததாம். அன்றோடு விட்டுவிட்டாள். அப்புறம் ரத்தச்சோறும், நேர்ந்துவிட்ட சேவலும்தான்.

என் கையை நானாகத்தான் நீட்டினேன். மணிக்கட்டில் ஒரு மிடறு. குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இத்தன இனிப்பு நான் பாத்ததே இல்லீங்க,” என்றாள்.

என்னை அதுவரை ஒருவரும் எதற்கும் புகழ்ந்ததில்லை. வீட்டில் இருந்தவளும் புகழாமலே போய்ச் சேர்ந்தாள். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மனுஷன் என்னென்ன செய்வான் என்பது புகழப்பட்டே வளர்ந்தவர்களுக்குப் புரியாது.

பொழுது சாய்ந்தால் அவள் வருவாள். ஒரு மிடறு, அதற்குமேல் நான் கெஞ்சினாலும் மாட்டாள். “போதுமுங்க, நாளைக்கும் நீங்க வேணும்” என்பாள். பேசிக்கொண்டிருப்போம். என் பொய்களை எல்லாம் கேட்டுச் சிரிப்பாள். ஒன்றையும் நம்பமாட்டாள். ஆனாலும் முழுக்கக் கேட்பாள்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. மலைக்காய்ச்சல். என் கட்டிலுக்கடியில் காயப் போட்டிருந்த சோளம் அந்தச் சூட்டில் பொரிந்து வாசல்வரை தெறித்தது. அதற்கான கொயினா மாத்திரையைச் சாப்பிட்டேன். கொயினா ரத்தத்தைக் கசக்க வைத்துவிடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவள் ஒரு மிடறு எடுத்து, வேப்பெண்ணெய் புகட்டிய பிள்ளைபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பினாள். துப்பியதும் சிரித்தாள். அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு உயிர் போனதுபோல இருந்தது.

கொயினாவை நிறுத்திப் பார்த்தேன். காய்ச்சல் திரும்பிக்கொண்டது. அவள்தான் என் வாயைப் பிளந்து மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். “கசந்தாக் கசந்துட்டுப் போகுது. நீங்க பொழச்சுக் கெடங்க. எனக்குச் சேவல் போதுமுங்க.” அதற்கப்புறமும் பொழுது சாய்ந்தால் வந்தாள், குடிக்காமல் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். அவள் மெலிந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன். இல்லவே இல்லை என்று அவள் சொன்னாள். பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

என்றைக்காவது ஒருநாள் இனிப்பான ரத்தம் தேடிப் போய்விடுவாள் என்று எனக்குப் பட்டது. அதற்கு முன்னால் நானே தேடிக் கொடுத்துவிட்டால் போக மாட்டாள் இல்லையா. அவள் கேட்கவில்லை என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஆனால் கேட்ட பிறகு செய்வதும் ஒரு பிரியமா?

அதில் ஒரு சங்கடம் இருந்தது. மலை முழுக்க அப்போது கொயினா சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் என் உழைப்பு. ஆரம்பத்தில் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நான் தலை மறைந்ததும் துப்பியவர்கள் இவர்கள். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லி, நிற்கவைத்து விழுங்க வைத்தேன். அதனால் இந்த மலையே கசந்து போயிருந்தது. கொசுக்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக அடிவாரத்துக்குக் குடியிறங்கியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஆகவே ஒரு சின்ன ஊரை மட்டும் இனிக்க வைப்பது என்று முடிவு செய்தேன். ஓடைக்கு அக்கரையில் ஒதுங்கியிருந்த ஊர். தேனும் தினையும் தின்று வளர்ந்த நல்ல உடம்புக்காரர்கள். குச்சிக்கிழங்கு மாவையும் வெல்லத்தையும் பிசைந்தேன். மாத்திரை உருட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. உருட்டிக் காயவைத்தால் கொயினாவுக்கே தான் எது என்று சந்தேகம் வந்துவிடும். அந்த ஊருக்கான நிஜக் கொயினாவை மருந்துச்சாலைக்குப் பின்னால் இருந்த பலாமரத்தடியில் கொட்டிப் புதைத்தேன். மறு வருஷம் அந்தப் பலா காய்த்த காய் ஒவ்வொன்றும் எட்டிக்காயாகக் கசந்தது. அதைத் தின்ற கரடிக்கு ஆயுசுக்கும் காய்ச்சலே வரவில்லை.

குழந்தைசாமி சிரிக்கவில்லை.

“அந்தப் பலா கசக்கறது மட்டும் நெசமுங்க,” என்றார். “கொரங்குகூடத் தொடாது. மண்ணுக் கோளாறுன்னு சொல்லுவாங்க.”

பார்த்தீர்களா, கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார். எனக்கு நடை இன்னும் வேகமானது.

ரத்தம் தெளியச் சில வாரங்கள் விட்டுக் காத்திருந்தேன். பிறகு பொழுது சாய்கிற நேரத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். உறவுக்காரப் பெண் என்று சொன்னேன். வீட்டுக்கு வீடு ‘வாங்க கம்பவுண்டரய்யா, வாங்க அம்மிணி’ என்று கூப்பிட்டார்கள். நான் உள்ளே போவேன். அவள் வாசலோடு நின்றுவிடுவாள். உள்ளே தூளி ஆடுவதைப் பார்ப்பாள், அடுப்பைப் பார்ப்பாள், ஒரு அடி பின்னால் வைப்பாள். “நான் இங்கயே நிக்கறனுங்க” என்பாள். மறு வீட்டிலும் அதேதான். கூச்சம் என்று நினைத்தேன். நல்ல குடும்பத்துப் பெண் இல்லையா. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று திரும்பத் திரும்பக் கூட்டிப் போனேன். பந்தி விரித்து வைத்திருக்கிறேன், கை நனைக்க மாட்டேன் என்கிறாள். எனக்கு வருத்தம்தான்.

கடைசியாக ஒரு வீடு. வீட்டுக்கார அம்மாள் பாய் போட்டு என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். நான் மாத்திரைகளைக் கொடுத்தேன். அந்த வீட்டில் ஒரு சிறு பெண். மற்ற பிள்ளைகள் என்னைக் கண்டால் ஓடி ஒளிவார்கள். இவள் கையை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொள்வாள். அன்று வாங்கிய மாத்திரையை வாயில் போடாமல் வாசலுக்கு ஓடினாள்.

“அக்கா, இனிக்குது. நீங்க திங்கறீங்களா?”

வள்ளியாத்தாள் குனிந்து அதை வாங்கி நாக்கில் வைத்தாள். ருசி தெரிந்தவளை ஏமாற்ற முடியாது. அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவிவிட்டு, உள்ளே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். நான் மோரைக் குடித்து முடித்தேன்.

வழியில், எத்தனை நாளாக என்று கேட்டாள். சொன்னேன். உனக்காகத்தான் என்றேன். பாராட்டுவாள் என்று இருந்தேன். அவள் பலாமரத்தடிக்கு ஓடி, நகத்தால் மண்ணைக் கிளறினாள். மழை பெய்து எல்லாம் கரைந்திருந்தது. சேறுதான் வந்தது. அந்தக் கையோடு, அவிழ்ந்த தலையோடு, தனியாக அந்த ஊருக்குப் போனாள். வீட்டுக்கு வீடு வாசலில் நின்று, ‘அத முழுங்காதீங்க, அது மருந்தில்ல’ என்று கத்தியிருக்கிறாள். காட்டேரி வந்துவிட்டது என்று எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அன்று ஒருவர்கூட அவளை ‘வாங்க’ என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் போனபோது, ராத்திரி காட்டேரி வந்து மாத்திரையைச் சாப்பிட வேண்டாம் என்று சொன்னதாகவும், அதனால் ஆளுக்கு இன்னொன்று சேர்த்துத் தரும்படியும் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கொடுத்தேன்.

அந்த வாரமே அங்கே காய்ச்சல் கண்டது. சேந்தமங்கலத்துக்கு ஆள் அனுப்பிக் கொயினா வாங்கிவரச் சொல்லி அவள் என் காலைப் பிடித்தாள். இப்போதுபோல அப்போது யுத்தத் தட்டுப்பாடு எல்லாம் இல்லை, கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால், போன மாதம் கொடுத்தது எங்கே என்று கேட்பார்களே. வேலை முடிந்து மாலை போட்டு அனுப்புகிற வயதில் பெயரைக் கெடுத்துக்கொள்வதா? நாளைக்கு, நாளைக்கு என்று சொன்னேன். அவளும் தினம் வந்து கேட்டாள்.

எத்தனை பேர் என்று முன்சீப் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கம்பவுண்டர் எண்ணுவது மாத்திரையை, ஆளை இல்லை. அந்த ஊரில் பாதி அடுப்பு புகையவில்லை. இத்தனைக்கும் அவள் அவர்களில் ஒருவரிடமிருந்தும் ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை. எல்லாம் வீணாகப் போயிற்று.

போகும்போது அவள் அழவில்லை. என் வாசலுக்கு வெளியே நின்றாள். வாங்க என்று கூப்பிட்டேன், வரவில்லை.

“நீங்க செஞ்சத, செஞ்சபடியே, ஒருத்தராவது நம்பறாப்பல சொல்லுங்க. அன்னிக்கு வாரேன்,” என்றாள்.

பிரியம் இல்லாவிட்டால் இப்படிச் சொல்லிவிட்டுப் போவாளா? அன்று பிடித்த நடைதான் இது. சந்தையில் சொன்னேன், காப்பிக் கடையில் சொன்னேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் சொல்வது எதையும் நம்பக் கூடாது என்று இந்த ஜில்லா எப்போதோ பழகிவிட்டது.

குழந்தைசாமி வெற்றிலை மெல்லுவதை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

“அந்தப் புள்ளைக்கு,” என்றார், “மேலொதட்டுல ஒரு தழும்பு இருந்துச்சுங்களா?”

யோசித்துப் பார்த்தேன். இருந்தது. கையை நீட்டிச் சிரிக்கும்போது அது வெளுத்துத் தெரியும். பெயர்தான் எனக்கு நினைவில்லை.

“பாப்பாயி,” என்றார். “எந்தங்கச்சி. நான் அப்பச் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருந்தனுங்க. வந்து பாக்கறப்ப அவளப் பொதச்ச மண்ணுல புல்லு மொளச்சிருந்துச்சு. காய்ச்சல்ல, அக்கா வாசல்லயே நிக்கறாங்க, உள்ள கூப்புடுங்கன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தாளாம். கம்பவுண்டரு மாத்தரன்னா இனிக்குதுன்னு கேட்டுக் கேட்டுத் திம்பாளாமுங்க. எங்கம்மா சொல்லிச் சொல்லி அழுகும். கொயினா எப்பிடி இனிக்கும்னு நான் ஒருநாளும் யோசிக்கல பாருங்க.”

என் கால்கள் நின்றுவிட்டன. இத்தனை காலத்தில் முதல் தடவையாக நின்றன.

“அப்ப நம்பறீங்களா தலையாரி?”

“நம்பறனுங்க. நடந்ததுதான். காட்டேரி வந்தது நெசம். எங்க ஊட்டுக்குத்தான் வந்துச்சு. எங்கம்மா வாங்க சாமீன்னு கூப்புட்டு, பாயப் போட்டு உக்கார வெச்சு, மோரு குடுத்துச்சு.”

வாசலைப் பார்த்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது; அவள் வருகிற நேரம்தான். ஆனால் செய்ததைச் செய்தபடியே சொல்ல வேண்டும் என்பது பேச்சு. கடைசி நேரத்தில் ஒரு பிழையால் எல்லாம் கெட்டுவிடக் கூடாது. ஆகவே பொறுமையாகத் திருத்தினேன்.

“இல்லீங்க தலையாரி. அவ உங்க ஊட்டுக்குள்ள காலே வெக்கல. வாசலோட நின்னுட்டா. உள்ள வந்து பாயில உக்காந்து மோர் குடிச்சது நான்.”

குழந்தைசாமி எழுந்து போய்ச் சாவடிக் கதவைச் சாத்தினார்.

“அதத்தானுங்க நானும் சொல்றேன்,” என்றார்.